பன்னிரண்டு துண்டு குறைந்த கூறைப்புடவை

போன மாதம் நான் வேலை பார்த்த தையல் கூடத்திலிருந்து போன் வந்தது. பேசியது கவிதா. நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசைக்கு அவள்தான் சொந்தக்காரி.

"அக்கா, மேடம் ஒரு டேப்லெட் வாங்கிக் குடுத்திருக்காங்க. போர்வை சைஸையும் துண்டு சைஸையும் போட்டா, எத்தனை மீட்டர் துணி, என்ன செலவுன்னு அதுவே சொல்லிடுது. நீங்க அரை நாள் மண்டையை உடைச்சுக்குவீங்களே, அது அரை நிமிஷத்துல முடிஞ்சுபோவுது" என்றாள். சந்தோஷத்தில் சொன்னாளா, என்னைச் சீண்டினாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் இருக்கும்.

"கடைசி வரி இருக்கா அதுல?" என்று கேட்டேன்.

"அது இல்லக்கா. அதுக்குத்தான் போன் பண்ணேன். புதுசா வந்த பொண்ணுங்க அது எதுக்குன்னு கேக்குதுங்க. உங்களையே ஒரு தாள்ல எழுதித் தரச் சொன்னாங்க மேடம்."

ஒரு தாளில் அடங்காது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ஒரு புடவை கண் முன்னால் வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் அந்த வரியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூடம் மயிலாடுதுறையில், ரயிலடிக்குப் போகும் வழியில் ஒரு மாடியில் இருக்கிறது. பேட்ச்வொர்க் போர்வை, படுக்கை விரிப்பு, குழந்தைகளுக்கான துணி எல்லாம் தைக்கிறோம். சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி ஒன்று, அடியில் வெறுந்துணி ஒன்று, நடுவில் பஞ்சு. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் போர்வை. என் வேலை அந்த மேல்துணியோடு. இன்ன அளவு, இன்ன டிசைன் என்று ஆர்டர் வந்ததும், எந்த நிறத்தில் எத்தனை மீட்டர் வாங்க வேண்டும், நூல், கூலி, இஸ்திரி எல்லாம் சேர்த்து என்ன ஆகும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் வந்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பார்கள். மொத்தம் இருபத்தாறு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். அதில் பதினெட்டு வருஷம் அந்த மேசைதான்.

ஜாக்கெட் தைக்கத் தெரியும் என்று சொல்லி மெஷினில் சேர்ந்தவள் நான். பிறகு துணி வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். எனக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்று யாரோ மேடத்திடம் சொல்லப்போக, எஸ்டிமேட் போட உட்கார வைத்தார்கள். கணக்கு வருவது வேறு, துணி வருவது வேறு என்று முதல் வருஷமே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முக்கோணத் துண்டுதான் என்னை முதலில் கவிழ்த்தது. தைத்து முடித்தபின் ஆறு அங்குலம் நிற்க வேண்டிய சதுரத்துக்கு, பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். அது சரி. சதுரத்தைக் கோணல்வாக்கில் இரண்டாக வெட்டினால் இரண்டு முக்கோணம். அதற்கும் ஆறரை போதும் என்று எழுதிவிட்டேன். அந்தக் கோணல் பக்கத்திலும் தையல் விழும், அது ஒரு கடி கடிக்கும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஆறேமுக்காலும் தாண்டி, அதற்கு மேல் அரைக்கால் அங்குலம் வேண்டும். நாற்பது குழந்தைப் போர்வைக்கு வெட்டி முடித்த பிறகுதான் முதல் ஒன்றைத் தைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் முனை மழுங்கியிருந்தது.

காயத்ரி மேடம் வந்து பார்த்தார். அவர்தான் முதலாளி. என்னைவிட ஆறு வயது சின்னவர். பேங்கில் கடன் பிரிவில் இருந்துவிட்டு, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு இதை ஆரம்பித்தவர். சரியான அளவில் வெட்டிய காகிதத்தை எடுத்து என் போர்வையின் மேல் விரித்தார். நாலு பக்கமும் காகிதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காகிதத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டி நான் கேட்டதே இல்லை. திட்டித் தொலைத்தால் தேவலை என்று நினைத்த நாட்கள் உண்டு.

எஸ்டிமேட்டைக் கொண்டு போய் வைத்தால் கூட்டுத்தொகையைப் பார்க்கவே மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேலேயே வைப்பார். "எங்க உதைக்கும், சுமதி?" என்பார். எங்கேயும் உதைக்காது மேடம் என்று சொன்னால், தாளை என் பக்கமே தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்க ஆரம்பித்துவிடுவார். கஞ்சி போட்ட துணி மேடம், நனைச்சா மீட்டருக்கு ரெண்டு அங்குலம் உள்ள போயிடும் என்றோ, பூப்போட்ட துணி, எல்லாப் பூவும் ஒரே பக்கம் பார்க்கணும், அதுல சேதாரம் ஜாஸ்தி என்றோ சொன்னால்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார். உதைக்கும் இடம் தெரியாதவள் கணக்கே போடவில்லை என்பது அவர் எண்ணம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒழுங்காகப் போட்ட கணக்கில் எதற்காகக் குற்றம் தேட வேண்டும் என்று உள்ளுக்குள் பொருமுவேன்.

அந்தக் கடைசி வரி பிறகுதான் வந்தது. நாகப்பட்டினத்தில் ஒரு தங்கும் விடுதிக்குப் பத்து விரிப்பு தைத்தோம். மயில்கழுத்து நிறத் துணி இரண்டு மீட்டர் குறைந்துவிட்டது. அதே கடை, அதே நம்பர் என்று வாங்கி வந்தால், சாயம் வேறு. ராத்திரி டியூப் லைட்டில் ஒன்றாகத்தான் தெரிந்தது. காலையில் ஜன்னலோரம் விரித்தால் பல்லை இளித்தது. ஒட்டுப் போர்வையிலேயே ஒட்டுப் போட்டது தெரிந்த ஆர்டர் அது ஒன்றுதான். அடுத்த வாரம் மேடம் எஸ்டிமேட் படிவத்தைப் புதிதாக அச்சடித்து வந்தார். எல்லாம் பழையபடிதான். அடியில் மட்டும் ஒரு வரி கூடியிருந்தது: 'போதாவிட்டால்'. அதற்கு எதிரே கோடு.

துணி குறைந்தால் என்ன செய்வது என்பதை, குறைவதற்கு முன்பே, நிதானமாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். அதே துணிச்சுருளிலிருந்து ஒன்றரை மீட்டர் எடுத்து வைக்கவும், ஓரப்பட்டியை அரை அங்குலம் குறைக்கவும், இப்படி ஏதாவது. ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் எழுதினேன். வருஷம் ஆக ஆக, என் கணக்கில் துணி குறைவது அபூர்வமாகிவிட்டது. நானும் அந்தக் கோட்டில் 'போதும்' என்று ஒரே வார்த்தை எழுதப் பழகிவிட்டேன். தலைக்கனம் என்று வேறு யாரும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்படி இருந்த ஒரு புரட்டாசி மாதத்தில்தான் செங்கமலம் அம்மா மாடிப்படி ஏறி வந்தார்.

கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். எழுபது வயது இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கூட வந்த மருமகள் வனிதா, துணிப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பைக்குள் வெள்ளைத் துணியில் சுற்றிய புடவை.

"இது என் கூறைப்புடவைங்க. உங்க ஊர் கூறைநாட்டுல நெய்ததுதான். எனக்கு ரெண்டு பொண்ணு, கடைசியா ஒரு பையன். அவன் பொண்டாட்டி இவ. மூணு பேருக்கும் இதுல ஆளுக்கு ஒரு போர்வை வேணும். ஆவுமா?"

"அளந்து பார்த்துத்தாம்மா சொல்லணும்."

"பாருங்க. ஆனா மூணும் ஒரே மாதிரி இருக்கணும்."

"ஒரே டிசைன்லதாம்மா தைப்போம்."

"டிசைனைச் சொல்லலைங்க. பக்கத்துல பக்கத்துல விரிச்சுப்போட்டு எண்ணினா ஒண்ணுக்கொண்ணு ஒரு துண்டு கூடக் குறையக் கூடாது. எண்ணுவாளுங்க. என் பொண்ணுங்களை எனக்குத் தெரியும்."

வனிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரைக் கீழே ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு, ரசீது வாங்க மறுபடி மேலே வந்தபோதுதான் பேசினாள். "மாமா போனப்பறம் நிலத்தைப் பிரிச்சாங்கக்கா. அதுலேருந்து நாத்தனாருங்க ரெண்டு பேரும் எங்கிட்ட பேசறதில்லை. நாந்தான் தூண்டிவிட்டேன்னு அவங்களுக்கு நெனப்பு. ஒருத்தங்க சிங்கப்பூர், ஒருத்தங்க சென்னை. அத்தைகிட்ட மட்டும் போன்ல பேசுவாங்க, நான் எடுத்தா வச்சிடுவாங்க. இந்தப் போர்வையிலயும் ஏதாவது ஆச்சுன்னா அதையும் என் தலையிலதான் போடுவாங்க. அதான் அத்தை பயப்படறாங்க." ரசீதை இரண்டு தடவை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்று மத்தியானம் மேசையைத் துடைத்துவிட்டுப் புடவையைப் பிரித்தேன். பட்டும் பருத்தியும் கலந்து நெய்த செம்மண் நிறக் கட்டம். ஆறு கஜம், அதாவது இருநூற்றுப் பதினாறு அங்குல நீளம். நாற்பத்தைந்து அங்குல அகலம். கரை இரண்டும் நைந்து, ஜரிகை பிரிந்து கிடந்தது. அதை ஒதுக்கினால் உடம்பில் முப்பத்தாறு அங்குலம் தேறும். முந்தானையில் முப்பத்தேழு அங்குலம் வெட்டி, அதை மூன்றாக்கி, ஒவ்வொரு போர்வைக்கும் நடுவில் வைப்பது. மீதி நூற்று எழுபத்தொன்பது அங்குல நீளத்தில் ஆறேமுக்கால் அரைக்கால் சதுரங்கள், வரிசைக்கு இருபத்தாறு, ஐந்து வரிசை. நூற்று முப்பது சதுரம். ஒவ்வொன்றும் இரண்டு முக்கோணம். இருநூற்று அறுபது.

போர்வை நாலடிக்கு ஆறடி. முந்தானைக்கு இடம் விட்டது போக, ஒன்றுக்கு எண்பத்து நாலு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் பாதி கூறைப்புடவை, மறுபாதி புதிதாக வாங்கும் சந்தன நிறப் பருத்தி. ஆக மூன்றுக்கும் சேர்த்துக் கூறைப்புடவையில் இருநூற்று ஐம்பத்திரண்டு முக்கோணம் வேண்டும். எட்டு மிச்சம். நீளத்தில் கால் அங்குலம்தான் வீண். இவ்வளவு கச்சிதமாக எனக்கு எந்தக் கணக்கும் அமைந்ததில்லை. என் தோளை நானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

மேடத்திடம் தாளைக் கொடுத்தேன். துணிச் செலவில், சந்தனத் துணிக்கு விலை போட்டு, புடவைக்கு எதிரே சைபர் போட்டிருந்தேன். வாடிக்கையாளர் கொண்டுவந்த துணிக்கு அப்படித்தான் போடுவது.

"இது சும்மா வந்த துணியா?" என்றார் மேடம்.

"அவங்க துணிதானே மேடம். நமக்கு என்ன செலவு?"

"மத்ததெல்லாம் வீணாப் போனா கடைக்குப் போய் வாங்கிக்கலாம். இதை எங்க போய் வாங்குவீங்க? இருக்கறதுலயே விலை ஜாஸ்தி இதுதான். சைபர்னு போடாதீங்க, கோடு போட்டு விடுங்க." பிறகு வழக்கம்போல, "எங்க உதைக்கும்?"

"கரைதான் மேடம் நைஞ்சிருந்துச்சு. அதை ஒதுக்கியாச்சு. உடம்பு கெட்டியா இருக்கு, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன்."

கடைசி வரியில் 'போதும். எட்டு மிச்சம்' என்று எழுதியிருந்ததை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "எட்டே எட்டுத் துண்டை நம்பறீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வேறு யாரையும் விடாமல் நானே வெட்டினேன். முதல் போர்வையின் மேல்துணியை நானே தைத்தேன். தைத்து முடித்து, மேலே மெல்லிய துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தபோது, ஒரு முக்கோணத்தின் குறுக்கே நேர்கோடாக விரிசல் விட்டிருந்தது. கத்தியால் கீறினாற்போல. பக்கத்துத் துண்டிலும் அதே கோட்டின் தொடர்ச்சி.

பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. அது மடிப்பு.

பட்டுப்புடவையை மடித்து வைத்தால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரித்து மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இழை அதே இடத்தில் முறிந்துகொண்டே வரும். பார்வைக்குத் தெரியாது, தொட்டாலும் தெரியாது, ஊசியும் சூடும் பட்டால் விட்டுவிடும். இது நம் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? நானே ஒவ்வொரு தை மாதமும் என் பீரோவைக் காலி செய்து மடிப்பு மாற்றுகிறவள்தான். அந்த அம்மாவிடம் நீளம் கேட்டேன், அகலம் கேட்டேன், தோய்த்ததுண்டா என்று கேட்டேன். மடிப்பு மாற்றினீர்களா என்று கேட்கவில்லை. எல்லாரும் மாற்றுவார்கள், இதையும் மாற்றியிருப்பார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

தைத்ததும் தைக்காததுமாக இருநூற்று அறுபது துண்டையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து லேசாக இழுத்துப் பார்த்தேன். இருபது துண்டு இழுத்த கையோடு வந்துவிட்டது. மிச்சம் இருநூற்று நாற்பது. பன்னிரண்டு குறைகிறது.

அந்த நிமிஷமே மேடத்திடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. முதல் போர்வையில் கெட்டுப்போன துண்டுகளுக்குப் பதிலாக நல்ல துண்டுகளை மாற்றித் தைத்தேன். இரண்டாவதையும் முழுசாகத் தைத்தேன். மூன்றாவதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. என்ன வழி பிறக்கும்? புடவையா குட்டி போடும்? மூன்றாவது நாள் சாப்பாட்டு இடைவேளையில் கூறைநாட்டுக்குப் போய், நாலைந்து இடம் ஏறி இறங்கி, அதே கட்டம், கிட்டத்தட்ட அதே செம்மண் நிறத்தில் அரை மீட்டர் வாங்கிவிட்டேன். தேயிலைத் தண்ணீரில் நனைத்து எடுத்தால் பழசு போல ஆகிவிடும். பன்னிரண்டு துண்டையும் ஓரங்களில் பார்த்து வைத்தால் எவருக்கும் தெரியாது.

அதைப் பையிலிருந்து எடுக்கும்போது மேடம் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மறைக்க முயற்சி செய்யவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த வயதில், கூடத்துப் பெண்கள் எல்லாரும் பார்க்க, ரொம்ப அவமானமாக இருந்தது.

அவர் ஃபைலை எடுத்து வரச் சொன்னார். தாளைப் பிரித்து அடியில் விரலை வைத்தார். "போதாவிட்டால்னு ஒரு வரி இருக்கே. அதுல என்ன எழுதியிருக்கு?"

"போதும்னு எழுதியிருக்கு மேடம்."

"அப்ப இந்த வரி இன்னும் காலியாத்தான் இருக்கு. இதை நீங்களும் எழுத முடியாது, நானும் எழுத முடியாது. புடவைக்காரங்ககிட்டயே போய்க் கேட்டு எழுதிட்டு வாங்க." தாளை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை திருவாரூர் வழியாகக் கீழ்வேளூருக்குப் பஸ் பிடித்தேன். தைத்த இரண்டு மேல்துணியும், மூன்றாவதற்கான துண்டுகளும், அந்த அரை மீட்டரும் பையில் இருந்தன. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சமயம். ஒரு வாய்க்காலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, அடுத்த வாய்க்காலில் சேறு வெடித்துக் கிடந்தது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் வனிதாவைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

செங்கமலம் அம்மா வீட்டுக் கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். மடிப்பில் விட்டுப்போனதைச் சொன்னேன். கேட்காமல் விட்டது என் தப்பு என்றும் சொன்னேன்.

"மடிப்பு மாத்தலைதான்" என்றார். "வருஷா வருஷம் மாத்திக்கிட்டுத்தான் இருந்தேன். அவர் போனப்பறம் அதை வெளியில எடுக்க மனசு வரலை. பத்து வருஷமா அப்படியே கெடந்துது. உங்ககிட்ட குடுக்கத்தான் எடுத்தேன்." பிறகு, "எத்தனை குறையுது?" என்றார்.

"பன்னெண்டு, அம்மா. ரெண்டு போர்வை முழுசா இருக்கு. மூணாவதுலதான் குறையுது."

காப்பி கொண்டுவந்த வனிதா அங்கேயே நின்றுவிட்டாள். "அந்தக் குறையறது எனக்கு இருக்கட்டும்க்கா" என்றாள். "அவங்க ரெண்டு பேரும் பொண்ணுங்க. நான் வந்தவதானே. எனக்கு ஒண்ணும் இல்லை."

உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்கு அப்பாடா என்று இருந்தது. பிரிக்க வேண்டியதில்லை, மறுபடி தைக்க வேண்டியதில்லை, தீர்ந்தது கதை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. காப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"சும்மா இரு" என்றார் செங்கமலம் அம்மா மருமகளிடம். என் பக்கம் திரும்பினார். "ஏங்க, ஆத்துல தண்ணி பத்தலைன்னா என்ன பண்றோம்? முறை வைக்கிறோம். எனக்கு ரெண்டு நாள் காயுது, உனக்கு ரெண்டு நாள் காயுது. மேல இருக்கறவன் மட்டும் பாய்ச்சிக்கிட்டு, கடைமடைக்காரனைக் காயப் போட்டா, அப்பறம் ஒரு ஊர்ல இருக்க முடியுமா? நிலம் பிரிச்சப்ப நாங்க அதைத்தான் பண்ணோம். நல்லதை எண்ணி எண்ணிப் பிரிச்சோம். தண்ணி ஏறாத துண்டை யாரும் பிரிக்கலை. அப்படி இருந்த ரெண்டு துண்டும் பொண்ணுங்க பக்கம் போயிடுச்சு. நான் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இவ மேல ஒரு தப்பும் இல்லை, எம்மேலதான். பன்னெண்டுதானே குறையுது? அதையும் மூணாப் பிரிங்க. ஆளுக்கு நாலு."

நான் பையிலிருந்து அந்த அரை மீட்டரை எடுத்துக் காட்டினேன். "அப்ப அந்த நாலு இடத்துல இதை வச்சிடறேம்மா. பழசு மாதிரியே ஆக்கிடலாம். வித்தியாசம் தெரியாது."

அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தெரியணும். அதே மாதிரி போட்டா எது அசல், எது போலின்னு அதுக்கு ஒரு சண்டை வரும். வெறும் மஞ்சள் வைங்க. குறைஞ்சுது, எல்லாருக்கும்தான் குறைஞ்சுதுன்னு பார்த்தாத் தெரியட்டும்."

அங்கேயே, கட்டிலின் ஓரத்தில் தாளை வைத்து, 'போதும்' என்பதை அடித்துவிட்டு எழுதினேன்: 'மூன்றிலும் நாலு நாலு குறையும். அந்த இடத்தில் மஞ்சள்.' அவரிடம் படித்தும் காட்டினேன். கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், ஆனாலும் வாங்கிப் போட்டார்.

கூடத்துக்குத் திரும்பி, தைத்து முடித்த இரண்டிலிருந்தும் நாலு நாலு முக்கோணத்தைத் தையல் பிரித்து எடுத்தேன். கூறைப்புடவைத் துண்டு கிழியாமல் பிரிக்க எட்டுக்கும் ஒரு முழு நாள் ஆனது. யாரையும் உதவிக்கு வர விடவில்லை. எடுத்த எட்டையும் மூன்றாவதில் வைத்தேன். இப்போது மூன்றிலும் எண்பது செம்மண் கட்டம், நாலு மஞ்சள். மஞ்சளை எங்கே வைப்பது என்று ரொம்ப யோசித்து, முந்தானைத் துண்டின் நாலு மூலைக்கும் வெளியே ஒவ்வொன்றாக வைத்தேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தபோது மேடம் வந்து நின்றார். விரலை நீட்டி எண்ணினார். பிறகு எழுதிய தாளை வாங்கி அந்தக் கடைசி வரியை மட்டும் படித்தார்.

"இது நீங்க போட்ட எஸ்டிமேட்லயே நல்ல எஸ்டிமேட்" என்றார். இருபது துண்டை நாசம் பண்ணின கணக்கைப் போய் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ராத்திரி வீட்டில் படுத்த பிறகுதான் அழுகை வந்தது.

கவிதா, உன் புதுப் பெண்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும். டேப்லெட்டின் பெருக்கல் சரியாகத்தான் இருக்கும். என் பெருக்கலும் அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது. புடவை எத்தனை வருஷம் எந்த மடிப்பில் கிடந்தது என்று கொண்டு வந்தவரிடம் கேட்கச் சொல். கடைசி வரியில் 'போதும்' என்று எழுதிக்கொண்டு வந்தால் தாளை வாங்காதே.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பொங்கல் கழிந்து வனிதா கூடத்துக்கு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். புது அரிசியும் பயறும் ஒரு பையில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். நாத்தனார்களுக்கான போர்வை இரண்டையும் பொங்கலுக்கு முன்பே பார்சலில் அனுப்பிவிட்டார்களாம்.

"சென்னைக்குப் போய்ச் சேர்ந்த அன்னைக்கே சின்ன நாத்தனார் போன் பண்ணாங்கக்கா. நான்தான் எடுத்தேன். வைக்கலை. 'என்னுதுல நாலு துண்டு வேற துணி வச்சிருக்கு. உன்னுதுல எத்தனை?'ன்னாங்க. கோவமாத்தான் கேட்டாங்க. நான் பீரோவுலேருந்து எடுத்து விரிச்சு, அவங்க கேக்கட்டும்னு சத்தமா எண்ணினேன். நாலுன்னேன். உடனே வச்சிட்டாங்க. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி அடிச்சாங்க. சிங்கப்பூருக்குப் பேசிட்டு அடிக்கறாங்க போலிருக்கு. 'அக்காளுதுலயும் நாலுதானாம்'னாங்க."

"அப்பறம்?" என்றேன்.

"அத்தைகிட்ட குடுக்கவான்னு கேட்டேன். இருக்கட்டும்னாங்க. அப்பறம், 'சாப்பிட்டியா வனிதா?'ன்னு கேட்டாங்கக்கா."